சகலை தொடாத மோட்டார்

சகலை தொடவில்லை என்ற அந்தப் பேச்சை நான் பல வருஷமாக நம்பவில்லை சார். இன்றைக்காவது முழுதாக நம்புகிறேனா என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். நம்பாததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. காரணம் இல்லாமல் நான் யாரையும் சந்தேகப்பட்டதில்லை.

உட்காருங்கள், முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வாசலில் வைத்திருக்கும் மரப்பலகையை நீங்கள் விரலால் தடவிப் பார்த்தீர்கள் அல்லவா, அதைக் கவனித்துவிட்டுத்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். மற்றவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் ஒருவர்தான் எழுத்தின் ஓரம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அது நான் செய்தது. உளி பிடித்து இல்லை, மெஷினில். முன்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பாருங்கள். திருப்பி மட்டும் பார்க்காதீர்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவா நீங்கள்? நல்லது. நான் பெண்ணுக்குப் பெரியப்பா. பெண்ணின் அம்மா ஹேமாவும் என் மனைவி சுலோசனாவும் அக்கா தங்கை. பெண்ணின் அப்பா உமாபதி எனக்குச் சகலை. அதோ, மேடையில் வீடியோக்காரரின் விளக்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். பெண்ணைப் பெற்றவர் முகூர்த்த நாளில் செய்கிற வேலையா அது? விளக்கு நன்றாகத்தான் இருந்தது. இதே கிருஷ்ணகிரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார், அதனால் என்று நீங்கள் சொல்லலாம். அது இல்லை சார். அவருக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக்கு வந்தால் டிவி ரிமோட்டைக் கழற்றுவார். மிக்ஸியின் திருகைத் திருகிப் பார்ப்பார், அது அவர் கையோடு வந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள். நீங்கள் சம்பந்தி வீட்டார். நாளைக்கு யார் யாரோ திரித்துச் சொல்லிக் கேட்பதைவிட என் வாயாலேயே கேட்டுவிடுவது நல்லது.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தவன். ஒரு பாகம் கெட்டு வந்தால், ஏன் என்று கேட்போம். வந்த பதிலுக்கு மறுபடி ஏன். அதற்கு வருகிற பதிலுக்கும் ஏன். இப்படி ஐந்து ஏன் கேட்டால் ஆள் மாட்டிக்கொள்வான். ஆள் என்று சொல்லக்கூடாது, மூலகாரணம் என்றுதான் எழுதுவோம். ஆனால் பெரும்பாலும் அது ஒரு ஆளாகத்தான் இருக்கும்.

ஐம்பது வயதை நெருங்கும்போது பொழுதுபோக்குக்காக அந்தச் சின்ன மெஷினை வாங்கினேன். மேஜைமேல் அடங்கிவிடும். கம்ப்யூட்டரில் எழுத்தை வரைந்து கொடுத்தால், சுழலும் கத்தி ஒன்று பலகையில் அதைச் செதுக்கும். கத்தியை இடமும் வலமும் கொண்டுபோக ஒரு மோட்டார். பலகையை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு மோட்டார். மூன்றாவது மோட்டாரின் வேலை கத்தியை ஏற்றி இறக்குவது. ஒரு எழுத்து முடிந்ததும் கத்தி மேலே எழும்ப வேண்டும், அடுத்த எழுத்துக்குப் போய் இறங்க வேண்டும். எழும்பாவிட்டால் போகிற வழியெல்லாம் கோடு விழும். நான் சொல்ல வந்தது இந்த மூன்றாவது மோட்டாரைப் பற்றி.

மெஷின் பாகம் பாகமாகப் பெட்டியில் வந்தது. நானே பூட்டினேன். மற்றவர்கள் வீட்டு மெஷின்களை யூடியூபில் பார்த்திருக்கிறேன், ஒயரெல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்கச் சகிக்காது. என் மெஷினில் ஒரு ஒயர் தொங்கியது கிடையாது. சட்டத்தோடு சேர்த்து பிளாஸ்டிக் டை என்ற பட்டையைப் போட்டு, இழுத்துக் கட்டி, மிஞ்சிய வாலை ஒட்ட நறுக்கிவிட்டேன். சுலோசனா அதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு இறுக்கமாவா கட்டுவாங்க? பாக்கறதுக்கே மூச்சு முட்டுது” என்றாள். அவளுக்கு எல்லாமே இறுக்கம்தான் சார். பருப்பு டப்பாவைக்கூட ஒழுங்காகத் திருகி மூட மாட்டாள்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ கருகுகிற வாசனை வருகிறது என்று மெஷினின் சிவப்புப் பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டாள். அது கருகல் இல்லை. தேக்கு சூடானால் அந்த வாசனை வரும். நடுவில் நிறுத்தினால் விட்ட இடம் மெஷினுக்குத் தெரியாது, பலகை வீண். நான் திட்டவில்லை. எனக்குத் திட்டுகிற பழக்கம் இல்லை. விளக்கினேன். சாப்பிடும்போது விளக்கினேன். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள், அங்கேயும் போய் நின்று விளக்கினேன். மறுநாள் அவளுடைய அம்மா போன் செய்தபோது அவர்களுக்கும் விளக்கினேன். பிறகு பட்டனுக்குப் பக்கத்தில் ‘யாரும் தொடக்கூடாது’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். அதற்குப் பிறகு அவள் அந்த அறையைப் பெருக்கும்போதுகூட மெஷினைச் சுற்றி ஒரு முழம் விட்டுத்தான் பெருக்குவாள். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது.

உமாபதி இந்த ஊரில் வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் வாசலுக்குப் பெயர்ப் பலகை வேண்டும் என்று, நிலைக்கு வாங்கிய தேக்கில் மிஞ்சிய ஒரு துண்டோடு ஓசூருக்கு வந்தார். ‘தாரணி இல்லம்’ என்று போட வேண்டும். இன்றைக்கு மணப்பெண், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பலகையைக் கொடுத்துவிட்டுப் போகலாம் அல்லவா? போகவில்லை. மகள் பெயர் செதுக்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மெஷினை ஓட விட்டேன். நன்றாகத்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை, பெயின்ட் கடை மதியத்தோடு மூடிவிடுவான். வார்னிஷ் இல்லை. அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, “சகலை, பாத்துட்டு மட்டும் இருங்க. எது நடந்தாலும் எதையும் தொடாதீங்க” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, போலீஸ் பிடித்த மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அந்தச் சிரிப்பே எனக்கு அப்போது சரியாகப் படவில்லை.

திரும்பி வரும்போது தெருவிலேயே சத்தம் கேட்டது. ஒரு மோட்டார் சுழல முடியாமல் துடிக்கிற சத்தம். உள்ளே ஓடினேன். கத்தி எழும்பவில்லை. ஆழம் வருவதற்காக மெஷின் ஒரே பெயரை இரண்டு மூன்று சுற்று செதுக்கும். முதல் சுற்று முடிந்து வலது கடைசியிலிருந்து இடது கடைசிக்குத் திரும்பும்போது, எழும்பாமலே திரும்பியிருக்கிறது. எல்லா எழுத்தின் நடுவிலும் ஒரே கோடு. எழுதிய பெயரை யாரோ அடித்துவிட்ட மாதிரி. அதோடு நிற்காமல் அடுத்த சுற்றையும் தொடங்கி, மேலும் மேலும் கிழித்துக்கொண்டிருந்தது. உமாபதி நாற்காலியில், கையில் காபி டம்ளர். சுலோசனா கதவோரம். இரண்டு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் போய்ப் பட்டனை அழுத்தினேன்.

விசாரித்தேன். விசாரிக்காமல் எப்படி இருப்பது? சுலோசனா சொன்னது இதுதான். “அவரு தொடலைங்க. நாற்காலியிலதான் உக்காந்திருந்தாரு. கத்தி அதுவா எழும்பாம இழுத்துட்டுப் போச்சு.” உமாபதியும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைச் சொன்னார். இரண்டு பேர் ஒரே மாதிரி பேசினால் எங்கள் கம்பெனியில் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்போம். அவளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு அவரை மறுபடி கேட்டேன். அவரை வாசலுக்கு அனுப்பிவிட்டு அவளைக் கேட்டேன். அதே பதில். ஆனால் சார், மெஷின் இருந்த மேஜையின்மேல் டம்ளர் வைத்த ஈர வட்டம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடைய டம்ளர் மேஜைக்கு எப்படி வரும்? நான்தான் கொண்டுவந்து வைத்தேன் என்றாள் சுலோசனா. தங்கை புருஷன். விட்டுக்கொடுப்பாளா?

மறுநாள் முறையாகச் சோதித்தேன். கன்ட்ரோல் போர்டில் மூன்று மோட்டாருக்கும் மூன்று சாக்கெட். கத்தியை ஏற்றும் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி, பலகையை நகர்த்தும் மோட்டாரின் சாக்கெட்டில் செருகினேன். அங்கேயும் துடித்தது. பலகை மோட்டாரின் ஒயரை இந்தச் சாக்கெட்டில் செருகினேன், ஒழுங்காக ஓடியது. அப்படியானால் போர்டில் கோளாறு இல்லை. மோட்டார்தான் போய்விட்டது. எங்கள் கம்பெனி ஸ்டோரில் மோட்டாரும் அதன் ஒயரும் ஒரே செட். சேர்த்தே கொடுப்பார்கள், சேர்த்தே கழிப்பார்கள். நானும் அப்படியே புது மோட்டார் ஒயரோடு வாங்கி மாட்டினேன். ஓடியது. ஒயர் பழையதைவிடக் கொஞ்சம் குட்டை. அதனால் இன்னும் இழுத்துக் கட்டினேன், இன்னும் அழகாக இருந்தது.

பிறகு ஏன் என்று கேட்டேன். கத்தி ஏன் எழும்பவில்லை? மோட்டார் எரிந்துவிட்டது. ஏன் எரிந்தது? அழுத்தம் தாங்காமல். அழுத்தம் ஏன் வந்தது? எழும்புகிற நேரத்தில் எதுவோ பிடித்து அழுத்தியிருக்கிறது. அது ஏன் பிடித்தது? ஏனென்றால் அதற்குக் கை சும்மா இருக்காது. ஐந்தாவது ஏனுக்கு வேலையே இல்லை.

கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். பலகை இல்லாமல்தான் போனோம். பந்தியில் என் பக்கத்தில் உமாபதியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பெயர்ப் பலகை நீங்கள் செய்வதாகச் சொன்னார்களே என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வது தப்பா? வீட்டுக்காரரே மோட்டாரை எரித்துவிட்டார் என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பாயசம் வருவதற்குள் அது பந்தியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. ஹேமாவின் மாமியார் வேறு, புது வீட்டுக்குப் போட்ட பெயரை இப்படிக் கோடு போட்டு அடித்துவிட்டார்களே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உமாபதி வந்தார். கையில் சாம்பார் வாளி. என் இலைக்கு முன்னால் நின்று, “சகலை, நான் தொடலை. அக்காவைக் கேளுங்க” என்றார்.

எதிர்ப் பந்தியில் சுலோசனா உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சாப்பிட்ட கையை இலைமேல் வைத்துக்கொண்டு, “அவரு தொடலை” என்றாள்.

நான் சிரித்தேன். அவ்வளவுதான் சார் செய்தேன். என் மனசாட்சியைப் பலமுறை கேட்டிருக்கிறேன், அந்த இடத்தில் நான் என்ன தப்பு செய்தேன் என்று. சிரித்தேன், அவ்வளவுதான். அவள் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது. ஹேமா வருவதில்லை. தாரணி பெரிய பெண்ணானபோது சுலோசனா தனியாகப் போய் வந்தாள். தங்கையோடு போனில் பேச வேண்டும் என்றால் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். எனக்குத் தெரியாமல் பேச என்ன இருக்கிறது? நான் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் சமையல்தான் பேசுவார்கள். ஒரு தடவை மட்டும், “அவரு அப்படித்தான் விடு” என்று சொன்னது காதில் விழுந்தது. எந்த அவர் என்று தெரியவில்லை.

நானும் விடவில்லை. நல்ல மனநிலையில் இருக்கும்போது, வண்டியில் போகும்போது, ஊருக்குப் போகும் ரயிலில், இப்படி அவ்வப்போது கேட்பேன். கோபமாக இல்லை. உண்மையைச் சொல்லிவிடு, எனக்கு ஒன்றும் இல்லை என்று. முதலில் எல்லாம் முழுதாகச் சொல்வாள், நாற்காலி, டம்ளர், கத்தி என்று. பிறகு “அவரு தொடலை” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு “தொடலை.” கடைசியில் கேட்டால் வெறுமனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். வாக்குமூலம் சுருங்கிக்கொண்டே போனால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சில சமயம் நான் என்னையே கேட்டுக்கொள்வேன். எனக்கு வேண்டியது உண்மையா, அல்லது அவள் அவரை விட்டுக்கொடுத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதா என்று. பதில் வருவதற்குள் வேறு ஏதாவது வேலை வந்துவிடும்.

உங்கள் காபி ஆறுகிறது, குடியுங்கள்.

இந்தக் கல்யாணத்துக்கு அழைக்க இரண்டு பேரும் வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் முறையாக. ஹேமா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். உமாபதிக்கு முடியெல்லாம் நரைத்திருந்தது. பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, அறை வாசலில் நின்று மெஷினைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார், அதையும் கவனித்தேன். “சகலை, மண்டப வாசல்ல வைக்க ஒரு பலகை செஞ்சு குடுங்க. பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும். உங்க கையால” என்றார்.

ஏன் கேட்கிறார்? யோசித்துப் பாருங்கள். ஊரில் ஃப்ளெக்ஸ் அடிக்க ஆள் இல்லையா? அவர் ஸ்டுடியோவிலேயே அடிக்கலாம். பலகை கெட்டுப்போனால், பார்த்தீர்களா, நான் பக்கத்திலேயே இல்லை, மெஷின்தான் கோளாறு என்று சொல்லிவிடலாம். நன்றாக வந்தால் பெருந்தன்மையாக மன்னித்த மாதிரி ஆகிவிடும். எப்படி வந்தாலும் அவருக்கு லாபம். நான் பார்க்கலாம் என்றேன். அவர்கள் போன பிறகு சுலோசனா, “செஞ்சு குடுங்க” என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த மெஷினைப் பற்றி அவள் தானாகப் பேசியது அது ஒன்றுதான்.

அந்தப் பலகை கெட்டதற்குப் பிறகு நான் சின்னச் சின்னச் சாமான்கள்தான் செய்துகொண்டிருந்தேன். சாவிக்கொத்து, பேனா ஸ்டாண்டு, அப்படி. ஒரு அடி நீளப் பலகை போட்டதே இல்லை. அதனால் முதலில் சாதாரண மரத்தில் நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தேன். பிறகு தேக்கை வைத்து, கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஒரு ஈ உள்ளே வரவில்லை. ‘தாரணி’ முடிந்தது. ‘இளம்பரிதி’யும் முதல் சுற்று முடிந்தது. கத்தி வலது கடைசிக்குப் போய் எழும்ப வேண்டும். எழும்பவில்லை. அதே துடிப்பு, அதே சத்தம். திரும்பி வரத் தொடங்கி மாப்பிள்ளை பெயரின் கடைசி எழுத்தில் கோடு போட்டுவிட்டது. நான் பட்டனை அழுத்தி நிறுத்தினேன்.

கதவு தாழ் போட்டபடிதான் இருந்தது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இரண்டு தடவையும் உமாபதி வீட்டு வேலையின்போதுதான் நின்றிருக்கிறது. சிரிக்காதீர்கள். ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

பிறகு பரணில் ஏறிப் பழைய மோட்டாரை எடுத்தேன். எரிந்துபோன மோட்டார். அதை ஏன் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன் என்றால், ஆதாரம். அதன் பழைய ஒயரோடு அதை மாட்டினேன். துடித்தது. எரிந்தது எரிந்ததுதான் என்று ஒரு சின்னத் திருப்தி. அப்போதுதான் ஒயரின் மறுமுனையைப் பார்த்தேன். மோட்டாரோடு சேர்ந்திருக்கும் பக்கமும் பிளக்தான். அதையும் பிடுங்கலாம். நான் அதுவரை பிடுங்கிப் பார்த்ததே இல்லை. பலகையை நகர்த்தும் மோட்டாரின் ஒயரைக் கழற்றி அந்த எரிந்த மோட்டாருக்குப் போட்டேன்.

ஓடியது சார். பம்பரம் மாதிரி. இத்தனை வருஷம் பரணில் கிடந்த மோட்டார், ஒரு முனகல்கூட இல்லாமல்.

இப்போது நின்றுபோன மோட்டாருக்கும் அதே ஒயரைப் போட்டேன். அதுவும் ஓடியது. மோட்டார் இரண்டும் நல்லது. ஒயர் இரண்டும் கெட்டது. மீட்டரை வைத்து ஒயரை விரலால் நெளித்து நெளித்துப் பார்த்தேன். உள்ளே கம்பி சேர்ந்திருந்தால் கீ என்று சத்தம் வரும், ஒரு இடத்தில் நெளித்தால் நின்றுவிடும். மேல் உறை முழுசாக இருக்கிறது, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. இரண்டு ஒயரிலும் ஒரே இடம். டை போட்டிருந்த இடம். மோதிரத்தைக் கழற்றினால் விரலில் ஒரு பள்ளம் தெரியுமே, அந்த மாதிரி தடம். இதோ, சட்டைப் பையிலேயே ஒரு துண்டு வைத்திருக்கிறேன். தொட்டுப் பாருங்கள்.

மறுபடி ஏன் கேட்டேன். கத்தி ஏன் எழும்பவில்லை? மோட்டாருக்குக் கரன்ட் முழுதாகப் போகவில்லை. ஏன்? உள்ளே ஒரு கம்பி அறுந்துவிட்டது. ஏன்? ஒரே இடத்தில் மடங்கி மடங்கி. ஏன்? கத்தி வலது கடைசிக்குப் போகும்போது ஒயர் நகர இடம் இல்லாமல் விறைத்துக்கொள்கிறது. சின்னச் சாமானுக்குக் கத்தி அவ்வளவு தூரம் போகாது, பெரிய பலகைக்குத்தான் போகும். நாலு ஏன் ஆகிவிட்டது. ஐந்தாவது எப்போதும் தேவைப்படாது. எங்கள் கம்பெனியிலேயே நிறைய ரிப்போர்ட்டை நாலோடு முடித்திருக்கிறோம்.

இரண்டு ஒயரிலும் கெட்ட இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு, நல்ல துண்டுகளை எல்லாம் ஒன்றோடு ஒன்று பற்றவைத்து ஒரே ஒயராக்கினேன். நீளமாகிவிட்டது. கட்டவும் முடியவில்லை, கோணலாக ஒரு வளையம் தொங்கியது. எனக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. வேறு ஒயர் வாங்க நாள் இல்லை. பலகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் புதிதாகச் செதுக்கினேன். வலது கடைசிக்குப் போகும்போதெல்லாம் அந்த வளையம் லேசாக நிமிரும், திரும்பும்போது தொங்கும். மெஷின் நிற்கவே இல்லை. வாசலில் நீங்கள் தடவிப் பார்த்தது அந்தப் பக்கம்தான்.

இருங்கள், அவரே வருகிறார்.

...வர்றேன் சகலை. இவங்ககிட்டதான் பேசிட்டு இருந்தேன். இதோ வந்துட்டேன், நீங்க போங்க.

பார்த்தீர்களா, பெரியப்பா மேடையில் இல்லாமல் தாலி கட்டக்கூடாது என்று பெண் சொல்லிவிட்டாளாம். என் தோளில் கை வைத்தாரே, கவனித்தீர்களா? நாம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று உங்கள் முகத்தையும் ஒரு பார்வை பார்த்தார். பந்தி ஞாபகம் வந்திருக்கும். இருக்கட்டும். நான் உங்களிடம் அவரைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்லவில்லையே.

கூப்பிட்டுவிட்டார்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பலகை ஓடிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்து சுலோசனாவைக் கூப்பிட்டேன். பழைய மோட்டாரைக் கையில் எடுத்துக் காட்டினேன். இது எரியவே இல்லை என்றேன். அவள் மோட்டாரைப் பார்க்கவில்லை. தொங்குகிற அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல ஒரு முழம் தள்ளித்தான் நின்றாள். அன்றைக்கு அவர் தொடவில்லைதானே என்று கேட்டேன். சந்தேகமாகக் கேட்கவில்லை, உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டேன். “தொடலை” என்றாள். இந்தத் தடவை நம்பினேன். முக்கால்வாசி நம்பினேன்.

நம்பியதும் எனக்கு வேறு ஒன்று இடித்தது. மெஷின் மெதுவாக ஓடுகிற மெஷின். அந்தக் கோடு பலகையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குப் போக நல்ல நேரம் ஆகும். அதற்குப் பிறகு அடுத்த சுற்று வேறு. நான் தெருமுனைக்குப் போய் வந்திருக்கிறேன். அவர் தன் மகளுடைய பெயர் கிழிபடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். இவள் கதவோரம். இத்தனை வருஷம் கேட்ட கேள்வியே தப்பு என்று தெரிந்தது. மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டேன்.

“அவரும் தொடலை, நீயும் தொடலை, சரி. கைக்கெட்டற தூரத்துல அந்தச் சிவப்புப் பட்டன் இருந்துச்சே, கோடு விழ விழ ரெண்டு பேரும் ஏன் அதை அழுத்தாம பாத்துட்டே இருந்தீங்க?”